பல்லாவரத்துக் கல்லும் பழங்காலக் கடலும்

தாம்பரத்தை அடுத்த ஒரு பங்கில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடந்த மறைக்கல்வி வகுப்பு அது. கோடை விடுமுறைக்கு அரியலூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த சிறுவன் ஒருவன், கைக்குட்டையில் பொதிந்து ஒரு கல்லைக் கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அளவு. நத்தை ஓடு போலச் சுருண்டிருந்தது. சுருளின் மேல் வரி வரியாகக் கோடுகள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அருகே கிடைத்ததாகச் சொன்னான். அது கடலில் வாழ்ந்த ஓர் உயிரினம் என்றும், பல கோடி ஆண்டுகள் பழமையானது என்றும் அங்குள்ள பெரியவர் ஒருவர் அவனிடம் சொல்லியிருந்தார்.

பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். கடல் இல்லாத ஊரில் கடல் உயிர் எப்படி வந்தது? பல கோடி ஆண்டுகள் என்றால், உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதாக இங்கே படித்தது என்ன ஆயிற்று?

வகுப்பு அமைதியானது. அன்று எங்களில் யாரிடமும் உடனே சொல்ல விடை இல்லை. வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினோம். அரியலூரை நோக்கித்தான் அந்தத் தேடல் போகும் என்று நினைத்தோம். ஆனால் அது நாம் தினமும் ரயிலில் கடந்துபோகும் பல்லாவரத்தில் கொண்டுவந்து விட்டது. அங்கே நமக்கு அறிமுகமானவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று இன்று அறிஞர்கள் போற்றும் மனிதர். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று, 24 வயதில், இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அந்த நிறுவனம் 1851-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் நிலப்பரப்பை நடந்து அளந்து, எந்த இடத்தில் என்ன பாறை இருக்கிறது, அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது, அதில் என்ன கனிமம் கிடைக்கும் என்று வரைபடம் எழுதுவது அதன் வேலை. ஃபூட்டுக்குச் சென்னை மாகாணம் ஒதுக்கப்பட்டது. கூடாரம், குதிரை, மாட்டுவண்டி, ஒரு சிறு சுத்தியல், குறிப்பேடு. இவற்றோடு ஊர் ஊராகப் போவதே அவருடைய அன்றாட வாழ்க்கை ஆயிற்று.

அவர் வந்து சேர்ந்த வேளையில், அவருடைய மூத்த சக அலுவலர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபர்டு திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களில் ஒரு பெரிய வேலையில் இறங்கியிருந்தார். அந்தச் சிறுவன் கொண்டுவந்தது போன்ற கற்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும் பகுதி அது. ஏற்கெனவே 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் இத்தகைய புதைபடிவங்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் எழுதினார். அதன்பின் பிளான்ஃபர்டு அந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குகளாகப் பிரித்து 1862-இல் நூலாக வெளியிட்டார். அங்கே கிடைத்த அம்மோனைட்டுகளை வகைப்படுத்தி விளக்கிய பெருமை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிட்ஸ்கா என்ற இளம் அறிஞரைச் சேரும். அவர் 1874-இல், 36 வயதிலேயே, லடாக் மலைப்பகுதியில் பயணத்தின்போது இறந்துபோனார்.

அம்மோனைட் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். மீன் சந்தையில் நாம் வாங்கும் கணவாய்க்கு அது தூரத்துச் சொந்தம். உடம்பு கணவாய் போல மென்மையானது. ஆனால் அதற்குச் சுருண்ட ஓடு ஒன்று வீடாக இருந்தது. வளர வளர அந்த உயிர் தனக்கு முன்னால் ஓர் அறையைக் கட்டிக்கொள்ளும். பழைய அறையைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, புதிய அறைக்குக் குடிபோகும். அடைத்த அறைகளில் காற்று நிரம்பியிருந்ததால் கடலில் மிதக்க முடிந்தது. டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, இன்றைக்கு 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்த இனமும் முற்றிலும் மறைந்துவிட்டது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைத்து, நம் இந்து சகோதரர்கள் இல்லங்களில் பக்தியோடு வைத்துப் போற்றும் சாளக்கிராமக் கற்களிலும் இந்த உயிரின் சுருள்தான் பதிந்திருக்கிறது.

இந்தப் பாறைகளின் பள்ளிக்கூடத்தில்தான் இளைஞர் ஃபூட் பாடம் கற்றார். வில்லியம் கிங் என்ற நண்பரோடு சேர்ந்து சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டங்களின் சில பகுதிகளை ஆய்வு செய்து 1864-இல் அறிக்கை வெளியிட்டார். கீழே கிடக்கும் ஒரு கல்லை எடுத்தால், அது எந்த அடுக்கிலிருந்து வந்தது, தானாக உருண்டு வந்ததா, வேறு யாரும் கொண்டுவந்து போட்டதா என்று கேட்கும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது. அந்தப் பழக்கம்தான் பிறகு பல்லாவரத்தில் பலன் தந்தது.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில் பூஷே தெ பெர்த் என்பவர் மனிதக் கையால் செதுக்கிய கற்களைக் கண்டெடுத்தார். அவை இன்று உலகில் இல்லாத விலங்குகளின் எலும்புகளோடு சேர்ந்து கிடந்தன. பல ஆண்டுகள் யாரும் அவரை நம்பவில்லை. 1859-இல் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் ஆகியோர் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று அறிவித்தார்கள். மனித இனம் எல்லாரும் எண்ணியதைவிட மிகப் பழமையானது என்பது அன்று தெளிவாயிற்று. இந்தச் செய்தி ஃபூட்டின் மனதில் ஆழமாகப் பதிந்தது. ஐரோப்பாவில் கிடைத்தது இந்தியாவில் ஏன் கிடைக்காது என்று எண்ணி, போகிற இடமெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அது அவருக்கு அரசு கொடுத்த வேலை அல்ல.

1863-ஆம் ஆண்டு மே 30. சென்னைப் புறநகரின் கோடை வெயில் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பல்லாவரம் ஒரு இராணுவப் பாளையம். அங்கே சரளை எடுப்பதற்காகத் தோண்டிய ஒரு சிறு குழி. வெளியே கொட்டியிருந்த செம்மண் சரளையில் ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. மற்றக் கற்களைப் போல் அது உருண்டையாக இல்லை. இரண்டு பக்கமும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, விளிம்பு கூராக்கப்பட்டிருந்தது. ஆறோ மழையோ அப்படிச் செய்யாது. அது பழைய கற்கால மனிதனின் கைக்கருவி. இந்தியாவில் அறிவியல் முறைப்படி அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே. அன்று ஃபூட்டுக்கு வயது 28.

அந்தக் குழியைத் தோண்டிய தொழிலாளிகள் அந்தக் கல்லைத் தொட்டிருப்பார்கள். வீரர்கள் அதை மிதித்துக்கொண்டு நடந்திருப்பார்கள். எல்லாரும் கண்டார்கள், ஒருவர்தான் நின்று பார்த்தார்.

இதற்குப் பிறகு ஃபூட் நடந்துகொண்ட விதம் நமக்கு அவர் மேல் மதிப்பைக் கூட்டுகிறது. ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு அவர் முழங்கவில்லை. வெளியே கொட்டிய சரளையில் கிடைத்த கல் அது. அது மண்ணடுக்குக்குள் இருந்ததா, மேலிருந்து விழுந்ததா என்று யாரும் கேட்கலாம். எனவே தேடலைத் தொடர்ந்தார். நான்கு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, நண்பர் கிங்கோடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கம் என்ற சிற்றூருக்குப் போனார். கொசஸ்தலையாற்றை ஒட்டிய அந்த இடத்தில் கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. மண்ணடுக்குக்கு உள்ளேயே பதிந்திருந்தவையும் இருந்தன. அதன்பிறகுதான் சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 1868-இல் இலண்டன் நிலவியல் கழகத்தின் இதழிலும் தென்னிந்தியக் கற்கருவிகள் பற்றி அவர் எழுதியது வெளிவந்தது. இந்தக் கருவிகளின் மரபுக்குப் பின்னாளில் அறிஞர்கள் சென்னையின் பெயரையே சூட்டினார்கள். உலகத் தொல்லியல் நூல்களில் மதராஸ் கைக்கோடரி மரபு என்று இன்றும் அது குறிக்கப்படுகிறது.

இனி கடலுக்கு வருவோம். நம் சிறுவன் கேட்ட கேள்விக்கு ஃபூட் நம் பகுதியிலேயே ஒரு விடை கண்டுவைத்திருக்கிறார். தாம்பரத்திலிருந்து மேற்கே போனால் திருப்பெரும்புதூர். இன்று தொழிற்சாலைகளும் கார்களும் நிறைந்த ஊர். அந்த வட்டாரத்தின் வெளிறிய களிப்பாறைகளையும் மணற்பாறைகளையும் ஃபூட் ஆராய்ந்தார். சென்னை, வட ஆர்க்காடு நிலவியல் பற்றி 1873-இல் வெளிவந்த அவருடைய அறிக்கையில் அவை விரிவாக இடம்பெற்றன. திருப்பெரும்புதூர் அடுக்கு என்ற பெயர் இந்திய நிலவியலில் நிலைத்துவிட்டது. அந்தப் பாறைகளைப் பிளந்தால் பழங்காலத் தாவர இலைகளின் அச்சு கிடைக்கும். அவற்றோடு கடல் சிப்பிகளும் ஒருசில அம்மோனைட்டுகளும் இருந்தன. அரியலூரில் கிடைப்பவை போல முழுமையாக அல்ல. நசுங்கி, தேய்ந்து, இனம் சொல்லவே சிரமமான நிலையில். ஆனால் அவை சொன்ன செய்தி தெளிவானது. இந்த இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கரையோரக் காடுகளின் இலைகள் அந்தக் கடலில் உதிர்ந்து, சிப்பிகளோடு சேற்றில் புதைந்தன.

அது எப்போது, எப்படி என்று இன்று நமக்குத் தெரியும். இந்தியா ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் பிளந்து விலகியது. பிளவில் கடல் புகுந்தது. நம் கிழக்குக் கடற்கரை பிறந்த கதை அதுதான். முதலில் திருப்பெரும்புதூர்ப் பக்கம் கடல் எட்டிப் பார்த்தது. பின்னர் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளை நிரப்பி நெடுங்காலம் தங்கியது. அம்மோனைட்டுகள் அங்கே செழித்து வாழ்ந்தன. அரியலூரின் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் அடித்தளம். நம் வீடுகளுக்குச் சிமெண்டு ஆவதும் அந்தச் சுண்ணாம்புக்கல்தான்.

ஃபூட் தவறே செய்யாதவர் அல்லர். கற்கருவிகள் கிடைத்த செம்மண் சரளையும் கடலடியில் படிந்ததாக இருக்கலாம் என்று தொடக்கத்தில் அவர் கருதினார். ஆனால் அதில் சிப்பியோ சங்கோ எதுவும் கிடைக்கவில்லை. ஆறுகளும் மழைவெள்ளமும் பரப்பிய சரளை அது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. திருப்பெரும்புதூரில் சிப்பி கிடைத்தது, கடல் என்றார்கள். பல்லாவரத்தில் சிப்பி கிடைக்கவில்லை. கடல் என்ற எண்ணத்தை அறிவியல் கைவிட்டது. சான்று எங்கே அழைத்துப் போகிறதோ அங்கே போக வேண்டும் என்பது இந்தத் துறையின் ஒழுங்கு.

கடலையும் மனிதனையும் இணைக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. அந்தக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற உறுதியான கல்லால் ஆனவை. அந்தக் கல் எங்கிருந்து கிடைத்தது? திருவள்ளூருக்கு வடமேற்கே உள்ள அல்லிக்குழி மலைகளில் கூழாங்கல் அடுக்குகள் உண்டு. திருப்பெரும்புதூர்ப் பாறைகள் உருவான அதே பழங்காலத்தில் நீர் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கற்கள் அவை. ஆதி மனிதன் அவற்றை எடுத்துத்தான் கருவி செய்தான். அத்திரம்பாக்கத்தில் அவன் வாழ்ந்த மண்ணுக்கு அடியில் இருப்பதும் அந்தக் காலத்துக் களிப்பாறையே. அம்மோனைட்டுகள் வாழ்ந்த காலம் முடிந்து பல கோடி ஆண்டுகள் கழிந்த பின், அந்தக் காலம் விட்டுச்சென்ற கல்லை மனிதன் கையில் எடுத்தான்.

ஃபூட்டின் குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் மணந்தது எலிசபெத் என்ற பெண்மணியை. அவருடைய தந்தை பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மறைப்பணியாளராக இருந்து, ஆறுமுக நாவலரின் துணையோடு திருவிவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். பின்னர் சென்னையில் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். தினவர்த்தமானி என்ற தமிழ் இதழை நடத்தினார். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி அச்சிட்டார். மாமனார் மக்கள் வாயிலிருந்து பழமொழிகளைச் சேகரித்தார். மருமகன் மண்ணிலிருந்து கற்களைச் சேகரித்தார். இருவருமே பிறர் சாதாரணம் என்று விட்டதைச் சேர்த்துவைத்தவர்கள். பெர்சிவல் 1882-இல் ஏற்காட்டில் காலமானார்.

ஃபூட் நிலவியல் நிறுவனத்தில் 33 ஆண்டுகள் உழைத்தார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதினார். செந்நிறத் தேரி மணல்மேடுகளைப் பற்றி விரிவாகக் குறித்துவைத்தார். கர்நாடகத்தில் பொன் கிடைக்கும் பழம் பாறைத் தொகுதிக்குத் தார்வார் என்ற பெயரைத் தந்தவர் அவரே. 1884-ஆம் ஆண்டை ஒட்டிக் கர்நூல் மாவட்டத்துப் பில்லசுர்கம் குகைகளில் அகழாய்வு நடத்தியபோது, இராணுவ அதிகாரியாக இருந்த அவருடைய மகன் ஹென்றியும் உடன் உழைத்தார். 1891-இல் ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. பரோடா சமஸ்தானத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் நிலவியல் பணி செய்தார். கடைசியில் ஏற்காடு மலையில் குடியேறினார்.

இவ்வளவு காலமும் அவர் சேர்த்துவந்த கற்கருவிகளும் பானை ஓடுகளும் பிற தொல்பொருள்களும் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து வந்தவை. அந்தச் சேகரிப்பின் உண்மையான மதிப்பு எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில், எந்தச் சூழ்நிலையில் கிடைத்தது என்று அவர் குறித்துவைத்திருந்தார். ஊர்ப்பெயர் இல்லாத கருவி வெறும் அழகுப் பொருள். ஊர்ப்பெயரோடு இருந்தால் அது ஒரு சாட்சி. 1904-இல் அந்தச் சேகரிப்பு முழுவதும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 70 வயதை எட்டிய மனிதர் அதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கான விளக்கப் பட்டியலைத் தம் கையாலேயே தயாரித்தார்.

அது அச்சாகி வந்ததைப் பார்க்க அவர் இல்லை. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று கொல்கத்தாவில், 78-ஆம் வயதில் காலமானார். பணியில் சேர்ந்த அதே டிசம்பர் 29. இடையில் 54 ஆண்டுகள். பட்டியலின் முதல் தொகுதி 1914-இலும் இரண்டாவது தொகுதி 1916-இலும் வெளிவந்தன. ஏற்காட்டின் தூய மூவொரு இறைவன் ஆலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் இருக்கிறது.

அவர் கண்டெடுத்த இடத்தின் பெருமை அவர் காலத்துக்குப் பிறகு இன்னும் கூடியது. 1999-ஆம் ஆண்டு முதல் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் அறிவித்தார்கள். அதே இடத்தில் 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியது என்று 2018-இல் வெளியிட்டார்கள். உலகமே வியந்த செய்திகள் அவை. ஃபூட் அன்று ஊர்ப்பெயரைச் சரியாக எழுதிவைக்காமல் போயிருந்தால், 130 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் வந்தவர்கள் எங்கே தோண்டுவது?

பல்லாவரத்தின் நிலை வேறு. 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக இன்று அது இருக்கிறது. தாம்பரத்தில் ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். அதையடுத்துத் திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. ஜன்னலோரம் தெரியும் குன்றுகள் பல, கல் உடைத்து உடைத்துப் பாதியாகிவிட்டன. நாம் பக்தியோடு படியேறும் புனித தோமையார் மலையின் கரும்பாறையும் சாதாரணமானது அல்ல. கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைப் பாறை என்பதால், 1893-இல் தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியலாளர் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். உலகில் எங்கே அந்தப் பாறை இருந்தாலும் அதற்கு மூல அடையாளம் நம் பரங்கிமலையும் பல்லாவரமும்தான். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது வரும் சரளையை நாம் திரும்பியாவது பார்க்கிறோமா?

இனி அந்தச் சிறுவனின் இரண்டாவது கேள்வி. பூமியின் வயதைக் கண்டு நம் விசுவாசம் அஞ்ச வேண்டுமா?

மலைமேல் கிடக்கும் சிப்பிகள் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த கடல் உயிர்களே என்று தெளிவாக விளக்கியவர்களில் முதன்மையானவர் நீல்ஸ் ஸ்டென்சன். டென்மார்க்கில் 1638-இல் பிறந்தவர். இத்தாலியில் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, பாறைகளில் கிடைக்கும் நாக்குக் கற்கள் எனப்பட்டவை உண்மையில் பழங்காலச் சுறாப் பற்கள் என்று கண்டார். பாறைகள் அடுக்கடுக்காகப் படிகின்றன, கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்ற அடிப்படை விதியை 1669-இல் எழுதினார். பிளான்ஃபர்டும் ஃபூட்டும் திருச்சிராப்பள்ளியில் கையாண்டது அந்த விதியைத்தான். அதே ஸ்டென்சன் 1667-இல் கத்தோலிக்கத் திரு அவையில் சேர்ந்தார். பின்னர் குருவானார். 1677-இல் ஆயரானார். ஏழையாக வாழ்ந்து 1686-இல் இறந்தார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

தொடக்கநூலின் படைப்பு வரலாறு, யார் படைத்தார், ஏன் படைத்தார் என்பதை நமக்குக் கற்பிக்கிறது. எத்தனை ஆண்டுகளில், எந்த வரிசையில் என்பது பாறைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி. திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1950-இல் மனித உடலின் தோற்றம் பற்றிய அறிவியல் ஆய்வுக்கு இடம் உண்டு என்று தெளிவுபடுத்தினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் பரிணாமக் கொள்கையை வெறும் ஊகமாகக் கருத முடியாது என்று திருப்பீட அறிவியல் கழகத்துக்கு எழுதினார். எனவே ஒரு குழந்தை கையில் கல்லோடு வந்து கேள்வி கேட்டால் நாம் முகம் திருப்ப வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை அடக்கினால்தான் அதன் விசுவாசம் பலவீனமாகும்.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுவனிடம் இதையெல்லாம் சொன்னோம். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஃபூட் செய்ததைப் போல நீயும் ஒன்று செய் என்றோம். ஒரு சிறு தாளில், கல் கிடைத்த ஊர், இடம், நாள், எடுத்துக்கொடுத்தவர் யார் என்று எழுதச் சொன்னோம். எழுத உட்கார்ந்தவன் பாதியில் நின்றான். ஊர் பெயர் தெரிந்தது. எந்தக் குழி, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அன்று மாலையே தன் உறவினருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்பதாகச் சொன்னான். அடுத்த முறை போகும்போது கல்லை எடுக்காமல், இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டிக் கேட்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டோம். எல்லாரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், அந்தக் கடலின் கதையைச் சொல்ல அங்கே எதுவும் மிஞ்சாது அல்லவா?

அன்பு வாசகர்களே, ஃபூட் அரசராகவோ படைத்தலைவராகவோ வாழ்ந்தவர் அல்லர். கால் வைக்கும் இடத்தைக் கவனித்தார். சந்தேகம் இருந்தபோது காத்திருந்தார். கண்டதைச் சரியாக எழுதினார். சேர்த்ததை மக்களின் அருங்காட்சியகத்தில் சேர்த்தார். இந்த நான்கையும் செய்ய நமக்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

எழும்பூர் அருங்காட்சியகம் தாம்பரத்திலிருந்து ஒரே ரயிலில் போகக்கூடிய தூரம்தான். இந்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஃபூட் சேகரித்த கருவிகளைக் காட்டுங்கள். திரும்பி வரும்போது பல்லாவரம் நிலையத்தில் ரயில் நிற்கும். ஜன்னல் வழியே தெரியும் செம்மண்ணையும் கரும்பாறையையும் ஒரு நிமிடம் சேர்ந்து பாருங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.